வெள்ளி அரணாக்கொடி

என் சித்தப்பா இடுப்பில் கிடந்த வெள்ளி அரணாக்கொடி ஒரே மத்தியானத்தில் கறுத்துப்போனது. 1986ஆம் வருஷம். பத்து நாள் கழித்து அதை வெள்ளையாக்கிக் கொடுத்தவன் நான். அப்போது பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கறுப்பு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். எப்படிப் போக்குவது என்றும் தெரியும். அதைப் போக்கியிருக்கக் கூடாது என்பது மட்டும் தெரியவில்லை.

இத்தனை வருஷம் இதை எழுதாமல் இருந்ததற்கு வெட்கம்தான் காரணம். செத்தவரைப் பற்றிய வெட்கம் இல்லை, படித்தவனைப் பற்றிய வெட்கம். இதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் வேதியியலும் சொல்லியாக வேண்டும். படிக்கிற தோழர்கள் பரீட்சை பயம் இல்லாமல் என்னோடு ஒருமுறை லேபுக்கு வந்து போகணும்.

பாலாற்றங்கரையில் எங்கள் சேரி. அப்போது அது வட ஆற்காடு மாவட்டம். ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு டேனரி. எங்கள் தெருவில் தோல் வேலைக்குப் போகாத வீடு இரண்டோ மூன்றோதான் இருக்கும். எங்க ஆயா காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதம் பண்ணினார்கள். அப்போதும் நாறும், ஆனால் ஆற்றில் ஊற்று தோண்டிக் குடிக்கலாம் என்று ஆயா சொல்லும். அப்புறம் குரோமியம் வந்தது. ஊற்றுத் தண்ணி உப்புக் கரித்தது. எங்கள் மேல் வீசுகிற நாற்றம் மட்டும் மாறவே இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். நான் தினமும் இரண்டு தரம் குளித்துப் பார்த்தேன். நாறுவது நாங்கள்தான் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் உப்புப் பகுப்பாய்வு பிராக்டிகல். லேபின் மூலையில் கிப் உபகரணம் என்று ஒரு கண்ணாடிச் சாமான் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று குமிழ். நடுக் குமிழில் இரும்பு சல்ஃபைடு கட்டிகள். மேலேயிருந்து நீர்த்த அமிலம் இறங்கி வந்து அதன்மேல் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். அழுகின முட்டை நாற்றம். அதை நிரப்புவது அட்டெண்டர் வேலை. அன்றைக்கு அட்டெண்டர் லீவு. வாத்தியார் வகுப்பையே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் நின்றார். “டேய், நீ போய் நிரப்பு. உனக்குத்தான் இந்த நாத்தம் பழக்கமாச்சே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆனால் குழாயைத் திறந்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. அது எங்கள் தெரு நாற்றம். அச்சு அசலாக அதே நாற்றம். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, வாய்பாடு இருக்கிறது, ரெக்கார்டு நோட்டில் எழுதி மார்க் வாங்கலாம். அப்படியானால் நாறியது நாங்கள் இல்லை, இந்த வாயு. இருபது வயதில் அதைத் தெரிந்துகொண்டவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தலித்தாகப் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பிராக்டிகலின் அடியில் இருக்கிற பாடத்துக்குக் கரைதிறன் பெருக்கம் என்று பெயர். பத்தாம் வகுப்பு வரைக்கும் சில உப்புகள் கரையும், சில கரையாது என்று சொல்லித் தருவார்கள். அது முழு உண்மை இல்லை. அடியோடு கரையாத உப்பு என்று ஒன்று கிடையாது. சாப்பாட்டு உப்பு ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராமுக்கு மேல் கரையும். வெள்ளிக் குளோரைடு ஒரு லிட்டரில் 2 மில்லிகிராம்கூட கரையாது, ஆனால் அந்தக் கொஞ்சம் கரைந்தே தீரும். குழாயின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடப்பது தூங்குகிற மாதிரி தெரியும். தூங்கவில்லை. ஒவ்வொரு நொடியும் கொஞ்சம் கரைந்து வெளியே போகிறது, அதே அளவு திரும்ப வந்து படிகிறது. போவதும் வருவதும் சரிசமமாக இருப்பதால் நம் கண்ணுக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறது. இதைத்தான் இயங்குச் சமநிலை என்கிறார்கள்.

அந்தச் சமநிலையில், கரைந்திருக்கிற இரண்டு அயனிகளின் செறிவையும் பெருக்கினால் ஒரு எண் வரும். வெப்பநிலை மாறாதவரை அந்த எண் மாறாது. வெள்ளிக் குளோரைடுக்கு 1.8 × 10⁻¹⁰. பெருக்கம் அந்த எண்ணைத் தாண்டினால் மிச்சம் வீழ்படிவாக இறங்கிவிடும். தாண்டாவிட்டால் இறங்காது. கரைசலில் ஏற்கெனவே இருக்கிற ஓர் அயனியை வெளியிலிருந்து இன்னும் கொஞ்சம் சேர்த்தால் சமநிலை நகர்ந்து கொடுக்கும். அது பொது அயனி விளைவு.

இதை வைத்துத்தான் உப்பைக் கண்டுபிடிக்கிறோம். ஹைட்ரஜன் சல்ஃபைடு தண்ணீரில் கரைந்தால் கொஞ்சம் ஹைட்ரஜன் அயனியாகவும் கொஞ்சம் சல்ஃபைடு அயனியாகவும் பிரியும். முதலில் அமிலம் ஊற்றுகிறோம். அமிலத்தில் ஹைட்ரஜன் அயனி நிறைய இருப்பதால் வாயு பிரிவது அமுங்கிப்போகும், சல்ஃபைடு அயனி மிக மிகக் குறைவாக இருக்கும். அந்தக் கொஞ்சத்துக்கே இறங்கிவிடுகிறவை செம்பு, ஈயம் மாதிரி உலோகங்கள். கறுப்பாக இறங்கும். துத்தநாகமும் மாங்கனீசும் அசையாது. அவற்றை வடிகட்டி, அம்மோனியா ஊற்றிக் காரமாக்கி, மறுபடி வாயுவை விட்டால் சல்ஃபைடு அயனி பெருகும். அப்போது துத்தநாகம் வெள்ளையாக இறங்கும், மாங்கனீசு ரோசாக இறங்கும். வாயு ஒன்றுதான். அமிலமா காரமா என்பதை வைத்து அது நடந்துகொள்கிற விதம் மாறும்.

இதையே திருப்பிப் போட்டும் சொல்லலாம். காரத் தண்ணீரில் சல்ஃபைடு சாதுவாகக் கரைந்து கிடக்கும். பி.எச். 12 இருந்தால் வாயு ஏறக்குறைய இல்லை. 7க்கு வந்தால் கிட்டத்தட்டப் பாதி வாயு. 4க்கு வந்தால் முழுக்க முழுக்க வாயு. பரீட்சையில் இது இரண்டு மார்க் கேள்வி.

இப்போது டேனரிக்கு வாங்க. உப்புப் போட்ட தோல் வரும். ஊறவைத்து உப்பைக் கழுவி, சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த தண்ணீரில் போட்டால் மயிர் கழன்று வரும். அந்தத் தண்ணீர் கடுங்காரம், பி.எச். 12க்கு மேலே. அதில் நின்றவர்களின் கால்விரல் இடுக்கு எப்போதும் வெந்துபோய்க் கிடக்கும். அப்புறம் சுண்ணாம்பு போகக் கழுவி, உப்பும் கந்தக அமிலமும் ஊற்றின டிரம்மில் தோலைச் சுற்றுவார்கள். அந்தத் தண்ணீர் பி.எச். 3 அளவு. அதற்கப்புறம்தான் குரோமியம். ஆக ஒரே காம்பவுண்டுக்குள் சல்ஃபைடுத் தண்ணீரும் இருக்கிறது, அமிலத் தண்ணீரும் இருக்கிறது. இரண்டும் தனித்தனி வாய்க்காலில் போகிற வரைக்கும் நாற்றத்தோடு போச்சு. இரண்டும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் அது கிப் உபகரணம். கண்ணாடிக்குப் பதில் சிமெண்ட்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்குக் காலையில் சுண்ணாம்புத் தண்ணீரைக் கழிவுத் தொட்டிக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மத்தியானம் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டது. மயிரும் கொழுப்பும் சேர்ந்த அடைப்பு. சித்தப்பாவை இறங்கச் சொன்னார்கள். இடுப்பளவு தண்ணீர். அவர் உள்ளே இருக்கும்போதே அந்தப் பக்கம் யாரோ அமில டிரம்மைத் திறந்துவிட்டுவிட்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. அது கூடாது என்று அவனுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. சித்தப்பா ஒரு சத்தமும் போடவில்லை, அப்படியே சாய்ந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தூக்கப்போன இன்னொரு ஆளும் விழுந்தார். அவரைக் கயிறு போட்டு இழுத்தார்கள், பிழைத்துக்கொண்டார்.

அந்த வாயு காற்றைவிடக் கனம், தொட்டியிலிருந்து மேலே ஏறாமல் தண்ணீர்மேல் தங்கும். கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். நாற்றம் போயிடுச்சு என்று நினைக்கிற நேரம்தான் சாகிற நேரம். வாத்தியார் சொன்ன பழக்கம் அங்கே ஒன்றுக்கும் உதவாது.

“குடிச்சிட்டு எறங்கினான், நாங்க இன்னா பண்றது?” என்றார் முதலாளியின் ஆள். மூவாயிரம் ரூபாயும் ஒரு மூட்டை அரிசியும் வந்தது. சித்தப்பா குடிப்பார், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை குடிப்பார். அன்றைக்குப் புதன்கிழமை.

உடம்பைக் கழுவும்போதுதான் சின்னம்மா பார்த்தது. “அவரு கொடி இன்னாத்துக்குடா இப்படிக் கரியாட்டம் ஆயிடுச்சி? காலைல பளிச்சின்னு இருந்துச்சே.” வெள்ளி நாளாக நாளாக லேசாகக் கறுக்கும், எல்லோருக்கும் தெரியும். ஒரே மத்தியானத்தில் அடுப்புக்கரி மாதிரி கறுக்காது. நான் பார்த்தேன். வெள்ளி சல்ஃபைடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வகுப்பில் பதில் தெரிந்தவன் கை தூக்குகிற மாதிரி. அதோடு சரி, வாயைத் திறக்கவில்லை. சுற்றிலும் பெரியவங்க, அழுகை, பறைச்சத்தம். யாரிடம் போய் வாய்பாடு சொல்ல?

பத்தாம் நாள் சின்னம்மா கொடியை அடகுக்கடைக்கு எடுத்துப் போனது. கடைக்காரர் கறுப்பைப் பார்த்துவிட்டு ஈயமோ என்னவோ என்று பாதி விலை சொன்னார். சின்னம்மா நேராக என்னிடம் வந்தது. “கண்ணு, நீ கெமிஸ்ட்ரி படிக்கிறியே, இத்த வெளுக்க வெக்க முடியுமாடா?” இரண்டு பிள்ளைகள், மூத்தது ஐந்தாவது படித்தது. முடியும் சின்னம்மா என்றேன். என் படிப்பு வீட்டுக்கு உபயோகப்பட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

அலுமினியக் குண்டானில் வெந்நீர். ஒரு பிடி உப்பு, ஒரு பிடி ஆப்பச் சோடா. கொடியைக் குண்டானின் அடியில் படுகிற மாதிரி போட வேண்டும். படாமல் தொங்கினால் வேலை நடக்காது. ஏனென்றால் இது தேய்த்துக் கழுவுகிற காரியம் இல்லை, மின்வேதியியல். அந்தக் குண்டான் ஒரு மின்கலம்.

டேனியல் மின்கலம் நினைவிருக்கும். 1836இல் டேனியல் செய்தது. துத்தநாகத் தகடு ஒரு பக்கம், செம்புத் தகடு ஒரு பக்கம், 1.1 வோல்ட். துத்தநாகம் எலக்ட்ரானை விட்டுவிட்டுக் கரையும், அதுதான் ஆக்சிஜனேற்றம். கரைசலில் இருக்கிற செம்பு அயனி அதை வாங்கி உலோகமாகப் படியும், அதுதான் ஒடுக்கம். இரண்டு பாத்திரத்தையும் உப்புப் பாலம் ஒன்று இணைக்க வேண்டும். பாலத்தை எடுத்தால் மின்னோட்டம் நின்றுபோகும். ஒவ்வோர் உலோகத்துக்கும் எலக்ட்ரானை விடுவதற்கு ஓர் ஆசை உண்டு, அதை வோல்ட்டில் அளந்து பட்டியல் போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கு 0.80, விடவே மனசில்லாதது. அலுமினியத்துக்கு எதிர்மறை 1.66, விடத் துடிப்பது. குண்டானில் அலுமினியம் எலக்ட்ரானை விடுகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதால் அது கொடிக்கு ஏறுகிறது. கறுப்பில் சிக்கியிருக்கிற வெள்ளி அயனி அதை வாங்கித் திரும்பவும் வெள்ளியாகிறது. உப்புத் தண்ணீர் மின்னோட்டம் சுற்றிவர வழிவிடுகிறது. சோடா அலுமினியத்தின்மேல் படிந்திருக்கிற ஆக்சைடு ஏட்டைக் கரைக்கிறது. தேய்த்தால் வெள்ளி தேய்ந்து எடை குறையும். இதில் குறையாது. அடகுக்கு அதுதான் முக்கியம்.

வெள்ளி அயனி விடுதலையானால் அதோடு இருந்த சல்ஃபைடு எங்கே போகும்? தண்ணீருக்கு வரும். அதில் கொஞ்சம் வாயுவாகக் கிளம்பும்.

குண்டானிலிருந்து லேசாக அந்த நாற்றம் வந்தது. சின்னம்மா சட்டென்று எழுந்தது. “டேய்... அன்னிக்கி அவரு மேல வந்த நாத்தம்டா இது.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டது. நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிஷத்தில் கொடி பளபளவென்று ஆனது. குண்டானின் அடி மங்கிப்போனது.

கொடி முழு விலைக்குப் போனது. வட்டி கட்ட முடியாமல் ஒரு வருஷத்தில் மூழ்கியும் போனது.

எம்.எஸ்சி. படிக்கும்போது நெர்ன்ஸ்ட் சமன்பாடு நடத்தினார்கள். 1889இல் வால்தர் நெர்ன்ஸ்ட் கண்டுபிடித்தது. கரைதிறன் பெருக்கம் என்ற எண்ணமும் அவருடையதே. கண்ணால் பார்க்க முடியாத அளவுக்குக் கரைகிற உப்பின் கரைதிறனை எப்படி அளப்பது? வோல்ட்மீட்டரை வைத்து அளக்கலாம் என்பது அந்தப் பாடம். சாதாரண வெள்ளி மின்முனைக்கு 0.80 வோல்ட். வெள்ளி சல்ஃபைடு போர்த்த வெள்ளிக்கு எதிர்மறை 0.69. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட். அதைச் சமன்பாட்டில் போட்டால் கரைதிறன் பெருக்கம் 10⁻⁵⁰ என்று வரும். புள்ளிக்கு அப்புறம் நாற்பத்தொன்பது சைபர். மிகப் பிடிவாதமான வீழ்படிவு. எத்தனை தண்ணி ஊற்றிக் கழுவினாலும் போகாது. கோர்ட்டில் கொண்டுபோய் வைத்தாலும் போயிருக்காது.

அன்றைக்கு அந்தக் கணக்கை நோட்டில் முடித்துவிட்டு விடுதி மொட்டை மாடியில் போய் உட்கார்ந்தேன். இந்த வாயுவில் செத்தவர்களின் பையில் இருக்கிற காசு, போட்டிருக்கிற நகை கறுத்திருக்கும், அது சாவின் காரணத்துக்கு ஒரு தடயம் என்று மருத்துவர்கள் பார்ப்பதுண்டு. எங்கள் வீட்டில் இருந்த ஒரே சாட்சியை நான் உப்பும் சோடாவும் போட்டுக் கழுவிவிட்டேன்.

இன்னொன்றும் பின்னால்தான் தெரிந்தது. 1923ஆம் வருஷத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், தொழிலாளி குடித்திருந்தால் முதலாளி பொறுப்பில்லை என்று ஒரு விதிவிலக்கு இருந்தது. ஆனால் அது காயத்துக்குத்தான். செத்துப்போனால் அந்தச் சாக்கு செல்லாது. 1986இலும் சட்டம் அப்படித்தான் இருந்தது. அதாவது சித்தப்பா குடித்தே இருந்தாலும் சின்னம்மாவுக்கு இழப்பீடு வர வேண்டும். “குடிச்சிட்டு எறங்கினான்” என்ற ஒரு வாக்கியத்துக்கு நாங்கள் தெருவே வாயடைத்துப் போனோம். அந்த வாக்கியத்துக்குச் சட்டத்தில் சல்லிக்காசு மதிப்பில்லை. வேதியியல் என் நோட்டில் இருந்தது, சட்டம் ஏதோ ஒரு வக்கீல் ஆபீஸ் அலமாரியில் இருந்தது, சாவு எங்கள் தெருவில் இருந்தது. துத்தநாகமும் செம்பும் எதிரெதிரே இருந்தால் மட்டும் விளக்கு எரியாது. நடுவில் பாலம் போட ஆள் இல்லை. போட்டிருக்க வேண்டியவன் நான்.

இதெல்லாம் பழைய கதை என்று சொல்கிறவர்கள் உண்டு. 1996இல் பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, சுத்திகரிக்காமல் ஓடவிடக் கூடாது என்று டேனரிகளைக் கட்டுப்படுத்தியது. சுத்திகரிப்பதிலும் இதே பாடம்தான். குரோமியத் தண்ணீரில் காரம் சேர்த்து பி.எச்.சை 8, 9க்கு ஏற்றினால் குரோமியம் ஹைட்ராக்சைடாக இறங்கிவிடும். காரம் ரொம்ப மிஞ்சினால் மறுபடி கரையும். சோடியமும் குளோரைடும் எத்தனை காரம் ஊற்றினாலும் இறங்காது. ஆயாவின் ஊற்றுத் தண்ணீர் கரித்தது அதனால்தான். இறங்கின சேறும் எங்கேயும் மாயமாகப் போவதில்லை, யார் தலைமாட்டிலோ குவியும். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் படுத்துத் தூங்கிய 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் தெரு ஆட்கள் இறங்க மறுக்க ஆரம்பித்த இடத்துக்கு வேறு ஏழைகளைக் கொண்டுவந்தார்கள்.

சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளைக் கொல்வதில் முக்கியமானது இதே வாயு. பாதுகாப்பு இல்லாமல் ஆளை அதில் இறக்குவதை 2013ஆம் வருஷச் சட்டம் குற்றமாக்கியது. 1993க்குப் பிறகு அப்படிச் செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. அதற்குப் பிறகும் இறக்குகிறார்கள். இறங்குகிறவன் யார் என்று இந்த இதழைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அப்போதும் முதலில் வருகிற வார்த்தை அதே வார்த்தைதான்: குடிச்சிட்டு எறங்கினான்.

நான் இப்போது ரிட்டயர்டு வாத்தியார். சாயங்காலம் காலனிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கரைதிறன் பெருக்கம் வரும்போது ஈய அசிட்டேட்டில் நனைத்த காகிதத்தைக் காட்டுவேன். அந்த வாயு பட்டால் ஈய சல்ஃபைடாகிக் கறுத்துவிடும். காகிதம் வெள்ளையாகவே இருந்தால் இறங்கலாமா சார் என்று போன வருஷம் ஒரு பெண் கேட்டது. கறுத்தாலும் இறங்காதே, கறுக்காவிட்டாலும் இறங்காதே, உன் அப்பாவையும் இறங்கவிடாதே என்றேன். அப்புறம் இந்தக் காகிதம் எதுக்கு என்றது. சாட்சிக்கு. யாராவது இறக்கப்பட்டுச் செத்துப்போனால், அவர் உடம்பில் கறுத்தது எது என்று பார். கழுவாதே. யார் கேட்டாலும் கொடுத்துவிடாதே. முதலில் எழுதி வை.

சின்னம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. இதை எழுதப்போகிறேன் என்று அதனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன். நான் அந்தக் கொடியை வெளுத்திருக்கக் கூடாது சின்னம்மா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. “நீ வெளுக்கலன்னா பசங்க அந்த மாசம் இன்னாத்த துன்னும்?” என்றது. அப்புறம், “எழுது. அவரு அன்னிக்கிக் குடிக்கலன்னு முதல்ல எழுது” என்றது.

சித்தப்பா அன்றைக்குக் குடிக்கவில்லை.